இலங்கை ஹட்டன் சந்தையில கெடச்ச கொச்சிக்கா, அதாவது மொளகா, எல்லாத்தையும் வாயில வச்சு பாத்தாச்சு, எது எவ்ளோ ஒறைப்பு

மொதல்ல அந்த போத்தல் கதைய சொல்லிடுறேன், அது இல்லாட்டி இந்த கூத்தே நடந்திருக்காது. போன மாசம் டவுன்ல ஒரு சூப்பர் மார்க்கட்ல நை மிரிஸ் சோஸ்னு ஒன்னு கண்ணுல பட்டுச்சு, நை மிரிஸ்ன்றது ரொம்ப ஒறைக்குற ஒரு கொச்சிக்கா. லேபல்ல நாகப்பாம்பு படம் எடுத்து நிக்குது, அது வாயிலேருந்து நெருப்பு, கீழ சிவப்பு எழுத்துல சின்னப்புள்ளைங்க கைக்கு எட்டாம வைக்கவும்னு எச்சரிக்கை வேற. 780 ரூபா. சம்பளம் வந்த கையோட இருந்ததால யோசிக்காம எடுத்துட்டேன். ராத்திரி ரொட்டிக்கு எல்லாரும் பயந்து பயந்து ஒரு சொட்டு தொட்டு வாயில வச்சா, இனிக்குது. திரும்ப ஒரு கரண்டி ஊத்தி பாத்தேன், அப்பவும் இனிக்குது, கடைசில லேசா ஒரு சுருக்கு, அதுவும் வினிகர் சுருக்கா கொச்சிக்கா சுருக்கான்னு சந்தேகம். எங்க அப்பாயிக்கு 81 வயசு, அவங்க ரொட்டி முழுக்க தடவி சாப்ட்டு முடிச்சுட்டு "ஜாம் நல்லாருக்கு, இன்னும் கொஞ்சம் போடு"ன்னாங்க. அதுக்கப்புறம்தான் கண்ணாடிய போட்டுகிட்டு பின்னால இருக்குற பொடி எழுத்த படிச்சேன். தண்ணி, சீனி, வினிகர், தக்காளி, சோளமா, அதுக்கும் பின்னாலதான் நை மிரிஸ், 2 சதவீதம். இந்த பட்டியல்ல எது கூட இருக்கோ அதத்தான் முன்னுக்கு போடுவாங்க, அது தெரிஞ்சும் நான் பாம்பு படத்த நம்பி வாங்குனேன் பாருங்க, அது என் தப்பு. கம்பனி பேர் வேணாம் விடுங்க.

அந்த கோவத்துலதான் அடுத்த ஞாயித்துக்கெழம ஹட்டன் மரக்கறி சந்தைக்கு போயி, கண்ணுல பட்ட கொச்சிக்காயெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா வாங்கிட்டு வந்து எது நெசமா ஒறைக்குதுன்னு வீட்லயே பாத்துடுவோம்னு முடிவு பண்ணேன்.

வெளியூர் ஆளுங்க படிச்சா கொழம்புவீங்க, அதனால ஒரு விசயம். மலையகத்துல நமக்கு மொளகா எல்லாமே கொச்சிக்காதான், பச்ச கொச்சிக்கா, காஞ்சது செத்த கொச்சிக்கா, கறி கொச்சிக்கா, தூளும் கொச்சிக்காத்தூள். ஆனா சிங்கள ஆளுங்க கொச்சின்னு சொன்னா அது செடியில வானத்த பாத்து நிக்கிற அந்த குட்டி காய் மட்டும்தான். எனக்கு ஒரு எட்டு வயசு இருக்கும், அம்மா பச்ச கொச்சிக்கா கால் கிலோ வாங்கிட்டு வாடான்னு அனுப்பி, நான் சிங்கள முதலாளி கடையில போயி பெரிய மனுசன் மாதிரி கொச்சி 250 கிராம்னு கேட்டுட்டேன், அவரு என்னைய ஒரு மாதிரி பாத்துட்டு அந்த குட்டி காய்ல கால் கிலோ கட்டி குடுத்துட்டாரு. ஒரு லயத்துக்கே, அதாவது தோட்டத்து வரிசை வீடுங்களுக்கே, ரெண்டு மாசத்துக்கு போதும் அது. அம்மா அடிக்க கைய ஓங்குனது, அப்புறம் சிரிச்சது, வீடு வீடா குடுத்துட்டு வான்னு அனுப்புனது எல்லாம் ஞாபகம் இருக்கு.

இந்த செடியே நம்ம பக்கத்து செடி இல்ல, அமெரிக்க கண்டத்து செடி, போர்த்துக்கீசக்காரன்தான் கொண்டாந்து விட்டது, அவன் இலங்கையில வந்து எறங்குனது 1505ல. அதுக்கு முந்தி நம்ம ஆளுங்களுக்கு ஒறைப்புன்னா மிளகுதான், மிளகு மாதிரி ஒறைக்குற காய்னுதான் மிளகாய்னு பேர் வந்துச்சு. கேரளத்து கொச்சி தொறமுகம் வழியா வந்ததால கொச்சிக்கான்னு ஒட்டிகிச்சுன்னு சொல்லுவாங்க. நை மிரிஸ்னா சிங்களத்துல பாம்பு கொச்சிக்கா, நயான்னா நாகப்பாம்பு. எங்க அப்பாயிக்கு அது காலம் பூரா நாய் கொச்சிக்காதான். நாய்கூட மோந்து பாத்துட்டு ஓடிரும் அதான் அந்த பேருன்னு அவங்களுக்கு வெளக்கமும் இருக்கு, இதுவரைக்கும் யாரும் திருத்த போகல.

சரி சந்தைக்கு வாறேன். நான் எப்பவும் வாங்குறது உள்ள ஒரு அக்காகிட்ட, பேர் பலகையெல்லாம் கெடையாது, நீல தார்பாய் போட்ட மூலைக்கடை. இந்த அக்காகிட்ட எனக்கு புடிச்சது என்னன்னா காம்ப ஒடச்சு மோந்து பாக்க விடுவாங்க, மத்த இடத்துல கைய வச்சா மூஞ்சி மாறிடும். நேத்து காயையும் இன்னைக்கு காயையும் கலக்க மாட்டாங்க. ஷொப்பிங் பேக்ல போட்டா வேர்த்து அழுகிடும்னு பத்திரிகை தாள்ல சுத்தி தருவாங்க. நை மிரிஸ் 50 கிராம் கேட்டாலும் மொகம் சுழிக்காம நிறுத்து தருவாங்க. கொறன்னு பாத்தா காலைல பத்து மணிக்கு மேல போனீங்கன்னா நல்லதெல்லாம் ஹோட்டல்காரங்க அள்ளிட்டு போயிருப்பாங்க, அப்புறம் சில்லற இல்லன்னு மிச்ச காசுக்கு கருவேப்பில குடுப்பாங்க, அத நான் பெருசா எடுத்துக்கல.

"என்ன தம்பி, கல்யாண வீடா?"ன்னு கேட்டாங்க நான் எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் போட சொன்னதும். விசயத்த சொன்னேன். "ஒறைப்பு பாக்க வேற வேல இல்லையா ஒனக்கு, இங்கயே நின்னு ஒன்ன கடிச்சு பாத்துட்டு போ"ன்னு சிரிச்சாங்க. வாங்குனது இவ்ளோதான்: கறி கொச்சிக்கா, அதாவது மாலு மிரிஸ், வெலிமட பக்கத்து தோட்டத்துது. சாதாரண பச்ச கொச்சிக்கா. குட்டி கொச்சி, கினிகத்தேன பக்கத்து வீட்டுத்தோட்டத்து காய்னாங்க. நை மிரிஸ், அதுவும் அந்த பக்கத்துலேருந்துதான். செத்தல்ல ரெண்டு வகை, ஒன்னு நீட்டு சுருக்கம் விழுந்து கருஞ்சிவப்பா இருக்கும், இன்னொன்னு கட்டையா வழுவழுன்னு. செத்தல் ரெண்டும் இந்தியாவுலேருந்து வந்தது, நம்ம நாட்டு செத்தல் தேவைக்கு பெரும்பகுதி அங்கேருந்துதான் எறக்குறாங்க.

இப்ப அளக்குற கதை. ஒறைப்ப அளக்க உலகத்துக்கே ஒரு கணக்கு இருக்கு, ஸ்கோவில்னு சொல்லுவாங்க. வில்பர் ஸ்கோவில்னு அமெரிக்காவுல மருந்து கம்பனில வேல செஞ்ச ஒருத்தர் 1912ல கண்டுபுடிச்சது. காஞ்ச கொச்சிக்காய சாராய சத்துல ஊறவச்சு சாறு எடுத்து, அத சீனித்தண்ணில கலக்கி அஞ்சு பேருக்கு குடிக்க குடுப்பாரு, அஞ்சுல மூணு பேரு ஒறைப்பு தெரியலன்னு சொல்ற வரைக்கும் சீனித்தண்ணிய கூட்டிகிட்டே போவாரு. ஆயிரம் மடங்கு கலக்குன பிறகுதான் தெரியாம போகுதுன்னா அந்த காய்க்கு நம்பர் 1000. இப்ப நாக்க நம்புறதில்ல, ஒறைப்புக்கு காரணமான கெப்சாய்சின்ன மெசின்லயே அளந்து அந்த நம்பருக்கு மாத்திக்கிறாங்க. குடமிளகாய்க்கு 0. ஹாலப்பினோன்னு பர்கர் கடையில வட்டமா வெட்டி போடுவாங்களே அது 2,500லேருந்து 8,000. நம்ம குட்டி கொச்சி மாதிரி காய்ங்களுக்கு 50,000லேருந்து 1 லட்சம், அதுக்கு மேலயும் போகும். நை மிரிஸ் ஹபனேரோன்ற வெளிநாட்டு கொச்சிக்காவோட சொந்தக்காரன், ரெண்டும் ஒரே இனம், ஹபனேரோவுக்கு 1 லட்சத்துலேருந்து மூணரை லட்சம் வரைக்கும் சொல்லுவாங்க. இப்ப கின்னஸ்ல இருக்குறது பெப்பர் எக்ஸ், 2023ல ஏறுச்சு, சராசரி 26 லட்சத்து 93 ஆயிரம், எட் கரின்ற அமெரிக்க ஆளு வளத்தது. அவரே முந்தி வளத்த கரோலினா ரீப்பர்தான் அதுக்கு முன்னால முதல்ல இருந்தது. என்னத்துக்கு இவ்ளோ வெறின்னு எனக்கு விளங்கல, சோத்துல போட முடியாத கொச்சிக்காய வளத்து என்ன செய்ய.

எங்க வீட்லயும் சரியா அஞ்சு பேரு. நான், வீட்டுக்காரி, அப்பா, தங்கச்சி, மச்சான். அப்பாயி பல்லு இல்லன்னு ஒதுங்கிட்டாங்க. தங்கச்சிகிட்ட கேக் செய்ற தராசு இருக்கு, அதுல ஒவ்வொரு காய்லயும் 5 கிராம் நிறுத்து, பொடியா அரிஞ்சு, 50 மில்லி சாராயத்துல ஒரு ராத்திரி ஊற வச்சேன். ஆறு வகைக்கு 300 மில்லி, அப்பாவோட அரப்போத்தல் காலி. மனுசன் மூஞ்சிய தூக்கி வச்சுகிட்டு இருந்தாரு ரெண்டு நாளு, அப்புறம் புதுசு வாங்கி குடுத்ததும்தான் நாக்க நீட்டவே சம்மதிச்சாரு. அந்த சாறுல ஒரு தேக்கரண்டி எடுத்து 1 லீட்டர் சீனித்தண்ணில கலக்குறது, ஒறைப்பு தெரிஞ்சா இன்னும் ஒரு லீட்டர் கூட்டுறது, இப்படி. உண்மையில லீட்டர் கணக்குல சீனி கரைக்க நாங்க என்ன முதலாளியா, கலக்குனதுல ஒரு கப் மட்டும் எடுத்து அத ரெண்டு கப் மூணு கப்னு பெருக்கிகிட்டோம், கணக்கு ஒன்னுதான். ஒரே நாள்ல எல்லாத்தையும் பாத்தா நாக்கு மரத்து போயிரும், அதனால ஒரு ராத்திரிக்கு ஒரு காய். ஆறு ராத்திரி எங்க வீட்ல டீவி ஓடல.

கறி கொச்சிக்கா மொத லீட்டர்லயே காணாம போச்சு. பச்ச கொச்சிக்கா மூணு லீட்டர் வரைக்கும் நின்னுச்சு. குட்டி கொச்சி ஒம்போது, அதுல அப்பா மட்டும் ஆறுலயே தெரியலன்னாரு, சாராய கோவமா இல்ல நாக்கே அப்படியான்னு தெரியல. நை மிரிஸ் பன்னெண்டு. இதுவரைக்கும் எல்லாம் நெனச்ச மாதிரிதான். நீட்டு செத்தல் ஆறு. கட்டை செத்தல் போட்டா, பன்னெண்டுலயும் ஒறைக்குது, பதினாலுலயும் ஒறைக்குது, பதினாறுலதான் மூணு பேரு விட்டாங்க. அதாவது பாம்பு படம் போட்டு விக்கிற நை மிரிஸ நம்ம சில்லறக்கடை செத்தல் தோக்கடிச்சிருச்சு! மச்சான் "நீங்க ஏதோ மாத்தி ஊத்திட்டீங்க மச்சான்"ன்னு சண்டைக்கு வந்துட்டாரு, திரும்ப செஞ்சோம், அதேதான்.

அப்புறம் படுத்துகிட்டு யோசிக்கும்போதுதான் மண்டையில தட்டுச்சு. பச்சையா இருக்குற காய்ல முக்கால்வாசிக்கு மேல தண்ணி. நான் 5 கிராம் நை மிரிஸ்னு போட்டதுல ஒறைப்பு இருக்குற சரக்கு அரை கிராமோ என்னமோ, மிச்சம் எல்லாம் தண்ணி, செத்தல்ல போட்டது முழுக்க சரக்கு. ஸ்கோவில் நம்பரும் காஞ்ச எடைக்குத்தான் சொல்றது, அதனால பச்சக் காய கடிக்கிறப்ப அந்த லட்சக்கணக்கு அப்படியே நம்ம வாய்க்குள்ள வாறதில்ல. மறுநாள் மிச்சம் இருந்த நை மிரிஸ ரெண்டா பொளந்து அடுப்புக்கு மேல தட்டுல போட்டு நாலு நாள் காய வச்சு, அதுல 5 கிராம் எடுத்து செஞ்சு பாத்தா கணக்கு 100 லீட்டர தாண்டிருச்சு. அங்க நிறுத்திட்டேன், சீனியும் முடிஞ்சு, வீட்டுக்காரியோட பொறுமையும் முடிஞ்சு. காய வைக்கிறப்ப வந்த பொகையில பக்கத்து வீட்டு அண்ணன் இருமிகிட்டே வந்து என்னப்பா செய்றீங்கன்னு கேட்டது தனிக்கதை.

அதனால எது ஒறைப்பு கூடன்னு சும்மா கேட்டா பதில் இல்ல, பச்சைக்கு பச்சை, செத்தலுக்கு செத்தல்னு வச்சுதான் பாக்கணும். அதவிட முக்கியம் அது வாயில எப்ப வருது, எங்க வருது, எவ்ளோ நேரம் நிக்குதுன்றது, அத எந்த நம்பரும் சொல்றதில்ல. அதுக்கு கடிச்சுதான் பாக்கணும், கடிச்சோம்.

கறி கொச்சிக்கா பத்தி பெருசா சொல்ல ஒன்னும் இல்ல, அது மரக்கறி, மாசி கருவாட்டு தூளும் தேங்காயும் வச்சு பொரிச்சா நல்லாருக்கும். ஆனா ஒரு எச்சரிக்கை, பத்துல ஒன்னு ஏமாத்தும். சாதுவா இருக்குற காய்ங்களுக்கு நடுவுல ஒன்னு மட்டும் பச்ச கொச்சிக்காய தூக்கி சாப்புடுற மாதிரி ஒறைக்கும், என் மகனுக்கு போன தடவ அதுதான் மாட்டுச்சு. செடி தண்ணி கொறஞ்சு வெயில்ல வாடுனா காய்ல ஒறைப்பு கூடும், அதனால ஒரே சாதி காய்கூட ஒரே மாதிரி இருக்கணும்னு இல்ல.

பச்ச கொச்சிக்கா குளிருக்கு நம்ம ஒயரத்துல சரியா வாறதில்ல, அநுராதபுரம் புத்தளம் மாதிரி வெயில் பக்கத்துலேருந்துதான் லொறில ஏறி வருது. விவசாய திணைக்களத்துல MI-2, KA-2ன்னு ரகத்துக்கு பேர் இருக்கு. ஐயோ இங்கிலீசு எழுத்து வேணாம், எம்.ஐ. 2, கே.ஏ. 2ன்னு வச்சுக்கங்க, எம்.ஐ.ன்னா மஹ இலுப்பள்ளம ஆராய்ச்சி நிலையம். அக்காவுக்கு இதெல்லாம் தெரியாது, அவங்களுக்கு நீட்டு காய், கட்டை காய், அவ்ளோதான், கட்டை காய்தான் ஒறைக்கும்னாங்க, கடிச்சு பாத்ததுல அவங்க சொன்னது சரிதான். இதோட ஒறைப்பு நாக்கு நுனியில ஒரு தட்டு தட்டிட்டு ரெண்டு மூணு நிமிசத்துல போயிரும்.

குட்டி கொச்சி வேற மாதிரி ஆளு. கடிச்ச அந்த நிமிசமே ஊசி குத்துற மாதிரி நாக்குல ஏறும், கண்ணுல தண்ணி, மூக்குல தண்ணி, ஆனா நேர்மையான ஒறைப்பு, வந்தது தெரியும் போறதும் தெரியும், எனக்கு எட்டு நிமிசத்துல எறங்கிருச்சு. சாப்பாட்டோட ருசிய மறைக்காது. கொச்சிய சின்ன வெங்காயம் உப்பு மாசி வச்சு அம்மியில இடிச்சு தேசிக்கா புழிஞ்சு, அத தேங்கா ரொட்டியில வச்சு, கூட ஒரு பிளேன்டீ, வெளிய மழை அடிச்சு ஊத்துது, இதுக்கு மேல எனக்கு ஒன்னும் வேணாம். தேயிலை கொழுந்து பறிக்க மலைக்கு போற காலத்துல அம்மா டவல் துணியில ரொட்டியும் இந்த சம்பலும்தான் கட்டிட்டு போவாங்க, குளிருக்கு அது ஒரு கம்பளி மாதிரின்னு சொல்லுவாங்க.

நை மிரிஸ கடிக்கும்போது ஏமாந்துருவீங்க. மொத பத்து பதினஞ்சு செக்கன் ஒன்னுமே இல்ல, பழ வாசம் மாதிரி, நல்லா பழுத்த கொய்யாவ பொளந்தா வருமே அது மாதிரி ஒரு மணம், என்னா இது இவ்ளோதானான்னு தோணும். அப்புறம் தொண்டையிலேருந்து ஆரம்பிக்கும். நாக்குல இல்ல, தொண்டை, அண்ணம், காது ரெண்டும் சூடாகி மச்சானுக்கு விக்கல் புடிச்சிருச்சு. ஏறிகிட்டே போகும், இப்ப எறங்கும் இப்ப எறங்கும்னு பாத்தா இன்னும் ஏறும், எனக்கு இருபத்தஞ்சு நிமிசம் புடிச்சுது. அந்த நேரத்துல நான் செஞ்ச மடத்தனம், கொதிக்க கொதிக்க இருந்த பிளேன்டீய எடுத்து வாயில ஊத்தினது. செத்தேன். ஏன்னு பாத்தா, நம்ம நரம்புல சூட்ட உணர்ற அதே வாசல்லதான் கொச்சிக்காவும் போயி தட்டுது, அதனாலதான் எரியுதுன்னு சொல்றோம், அந்த வாசல கண்டுபுடிச்ச டேவிட் ஜூலியஸ்ன்ற விஞ்ஞானிக்கு 2021ல நோபல் பரிசுல பங்கு கெடச்சுது. நான் அதே வாசல்ல ரெண்டு பக்கமும் நெருப்பு வச்சிருக்கேன். பச்சத்தண்ணி குடிச்சும் பிரயோசனம் இல்ல, கெப்சாய்சின் தண்ணில சரியா கரையாது, பால்ல இருக்குற புரதம்தான் அத புடிச்சு இழுக்கும். கடைசில சட்டி தயிர் ஒரு பெரிய கரண்டிய வாயில போட்டு முழுங்காம வச்சிருந்தேன், அப்பதான் உசுரு வந்துச்சு.

கொட்டதான் ஒறைப்புன்னு எங்க வீட்டுக்காரி எப்பவும் கொட்டைய தட்டிட்டு போடுவா. நை மிரிஸ் கொட்டைய கழுவி தனியா குடுத்து பாத்தேன், பெருசா ஒன்னும் இல்ல. கொட்ட ஒட்டிகிட்டு இருக்குற அந்த வெள்ள சதை, நடு நரம்பு, அதுல ஒரு நூல் அளவு கிள்ளி குடுத்தேன், ரெண்டு நாளு என்னோட பேசல. சரக்கு அங்கதான் உருவாகுது, கொட்டையில ஒட்டுறது அதுலேருந்து பட்டதுதான். ஒறைப்பு கொறைக்கணும்னா அத சொரண்டி எடுங்க, மறக்காம கையில தேங்கா எண்ணெய தேச்சு அப்புறம் சோப் போடுங்க. மச்சான் வெறும் தண்ணில கழுவிட்டு கண்ண கசக்கி அர மணித்தியாலம் பைப்புக்கு கீழயே இருந்தாரு.

செத்தல்ல நீட்டு சுருக்கம் விழுந்தது நெறத்துக்கு. இந்தியாவுல பியாடகின்னு ஒன்னு இருக்கு, கர்நாடகத்து காய், நெறம் அள்ளி குடுக்கும் ஒறைப்பு கொறச்சல், குண்டூர் காய் அதுக்கு நேர் எதிரு. அதனால கருஞ்சிவப்பா இருக்குன்னு பாத்து ஒறைக்கும்னு வாங்காதீங்க, நான் வருச கணக்கா அப்படித்தான் வாங்கியிருக்கேன். மீன் கொழம்புக்கு நெறம் வேணும்னா நீட்டு, கட்ட சம்பலுக்கு கட்டை. ரெண்டையும் பாதி பாதி வறுத்து மில்லுக்கு குடுத்து அரச்சு வச்சுகிட்டா பக்கட் தூள் பக்கமே போக மாட்டீங்க.

நை மிரிஸ ஒறைப்புக்கு வாங்குறது என்னைய கேட்டா சல்லி நட்டம். அந்த வெலைக்கு கொச்சி ரெண்டு மடங்கு வரும், செத்தல் இன்னும் மலிவு. அது மணத்துக்கு வாங்குற காய். பருப்பு வேகும்போது ஒன்னே ஒன்னு, காம்போட, ஒடையாம போட்டு, எறக்குறதுக்கு முந்தி எடுத்துடணும். வீடு பூரா மணக்கும், சின்னப்புள்ளையும் சாப்புடலாம். அப்பாயி மோந்து பாத்துட்டு "இதுல நாய் கொச்சிக்கா போட்டிருக்கியா"ன்னு கேட்டுட்டு ரெண்டாவது தடவ சோறு போட்டுகிட்டாங்க. ஒடஞ்சா மட்டும் கத கந்தல், ஒரு தடவ கரண்டி பட்டு ஒடஞ்சு அந்த சட்டி பருப்ப யாரும் தொடல. கொச்சிய அப்படி முழுசா போட்டா மணமும் வராது ஒன்னும் வராது, அத இடிக்கத்தான் வேணும்.

எங்க வீட்டு கொய்யா மரத்துக்கு கீழ ரெண்டு கொச்சி செடி நிக்குது, யாரும் நடல. கொண்டக்குருவிங்களுக்கு ஒறைப்பு தெரியாது, அதுங்க பழுத்த காய முழுங்கிட்டு மரத்துல வந்து ஒக்காந்து எச்சம் போட்டு மொளச்சது. பழுக்கிறதுக்கு முந்தி நாங்க பறிச்சா எங்களுக்கு, இல்லாட்டி குருவிக்கு. அதனால கொச்சி நான் வாங்குறதே மழை காலத்துல மட்டும்தான்.

அக்கா கடைக்கு பத்துக்கு எட்டு குடுக்கலாம், அந்த கருவேப்பில கணக்குக்கு ஒன்னு, பத்து மணிக்கு மேல காய் இல்லாததுக்கு ஒன்னு கழிச்சுட்டேன். பாம்பு போத்தல் இன்னும் பாதி இருக்கு, மகன் ரோல்ஸ் வாங்கிட்டு வந்தா தொட்டுக்குறான், அப்பாயி காலைல பாணுக்கு தடவிக்கிறாங்க.